பிராக்கிலிருந்து டிரெஸ்டனுக்கு ஒரு நாள்: தனி வண்டியில் போய்வர ஒரு வழிகாட்டி

பிராக் நகரத்தில் நாலைந்து நாள் தங்குகிறவர்களுக்கு, சார்லஸ் பாலமும் கோட்டையும் பழைய நகரச் சதுக்கமும் பார்த்து முடித்த கையோடு ஒரு யோசனை வரும்: பக்கத்தில்தானே ஜெர்மனி, ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தால் என்ன? தாராளமாகப் போகலாம். சாக்சனி மாநிலத் தலைநகரான டிரெஸ்டன், பிராக்கிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர்தான். சாலை ஒழுங்காக இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். காலையில் கிளம்பி, ஊரைப் பார்த்து, ராத்திரிச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்துவிடலாம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனி வண்டி பேசிக்கொண்டு போகிற பலர், டூர் பஸ் ஓடுகிற அதே ஓட்டத்தைச் சின்ன வண்டியில் ஓடிவிட்டு வருகிறார்கள். டெரெசீன், பாஸ்டாய் பாறைகள், டிரெஸ்டன், மைசன் என்று நாலு ஊரை ஒரே நாளில் அடைத்துக்கொண்டு, எதையும் உட்கார்ந்து பார்க்காமல் திரும்புகிறார்கள். அதற்குப் பஸ்ஸிலேயே போகலாம், காசாவது மிஞ்சும். தனி வண்டிக்கு நாம் கொடுக்கும் பணம் நேரத்தை நம் கையில் வைத்துக்கொள்வதற்குத்தான். கீழே சொல்லும் எல்லாமே அந்தக் கணக்கில்தான்.

வண்டியா, ரயிலா?

இரண்டு பேர் மட்டும், நன்றாக நடக்கக்கூடியவர்கள், டிரெஸ்டன் நகரம் மட்டும் போதும் என்றால் ரயிலே சிறந்தது. பிராக் முதன்மை ரயில் நிலையத்திலிருந்து நேரடி ரயில் இருக்கிறது. இரண்டேகால், இரண்டரை மணி நேரம் ஆகும். டெச்சீன் தாண்டியதும் எல்பே ஆற்றை ஒட்டியே தண்டவாளம் போகும். போகும்போது வலப்பக்க ஜன்னலைப் பிடித்தால் ஆறும் மணற்கல் மலைகளும் வழி முழுக்கக் கூடவே வரும். இந்த அழகு நெடுஞ்சாலையில் கிடைக்காது என்பதையும் சொல்லவேண்டும்.

வயதான அப்பா அம்மா, கைக்குழந்தை, நாலைந்து பேர் கொண்ட குடும்பம் என்றால் தனி வண்டிதான் சரி. வாடகை பெரும்பாலும் தலைக்கு இத்தனை என்று இருக்காது, வண்டிக்கு இத்தனை என்றுதான் இருக்கும். அதனால் ஆள் கூடக்கூடத் தலைக்கு விழும் செலவு குறையும். வழியில் ஒரு இடத்தில் இறங்கிப் பார்க்க ஆசையிருந்தாலும் வண்டிதான் வசதி.

வாடகைக் கார் எடுத்து நாமே ஓட்டலாமா என்று கேட்பவர்களும் உண்டு. ஓட்டலாம். ஆனால் வண்டியை எல்லை தாண்டிக் கொண்டுபோக வாடகை நிறுவனம் அனுமதிக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். செக் நெடுஞ்சாலைகளுக்கு விக்னெட் என்கிற சாலைக் கட்டணம் உண்டு. 2021 முதல் அது முழுக்க மின்னணு முறையில், வண்டி எண்ணோடு பதிவாகிறது. ஜெர்மன் பக்கத்தில் கார்களுக்குச் சாலைக் கட்டணம் இல்லை. இந்திய லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் வைத்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால், ஒரு நாள் பயணத்துக்கு இத்தனை தலைவலி தேவையில்லை. டிரைவரோடு வண்டி எடுப்பதே நல்லது.

பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்

செக் குடியரசு, ஜெர்மனி இரண்டுமே ஷெங்கன் பகுதி. ஒரே விசா போதும். ஒருமுறை மட்டும் நுழையும் விசாவாக இருந்தாலும் கவலையில்லை, ஏனென்றால் நீங்கள் ஷெங்கன் பகுதியை விட்டு வெளியே போகவில்லை. 'செக் தூதரகம் கொடுத்த விசாவில் ஜெர்மனி போகலாமா' என்ற பயமும் வேண்டாம். பெரும்பாலான நாட்கள் பிராக்கில்தானே தங்குகிறீர்கள்.

ஆனால் எல்லையே கிடையாது என்று நினைத்து பாஸ்போர்ட்டை ஹோட்டல் லாக்கரில் வைத்துவிட்டுக் கிளம்பக் கூடாது. 2023 அக்டோபரிலிருந்து செக் எல்லையில் ஜெர்மன் போலீஸ் சோதனை நடத்திவருகிறது. நெடுஞ்சாலையில் எல்லை தாண்டியதும் வண்டிகளை மெதுவாக்கி ஒரே வரிசையில் விடுவார்கள். போலீஸ்காரர் குனிந்து உள்ளே இருப்பவர்களின் முகத்தைப் பார்ப்பார். சில வண்டிகளைக் கையசைத்து அனுப்புவார், சிலவற்றை ஓரங்கட்டச் சொல்வார். நம்மைப் பார்த்தால் பெரும்பாலும் பாஸ்போர்ட் கேட்பார்கள் என்று எண்ணிக்கொள்வதே பாதுகாப்பு. அசல் பாஸ்போர்ட் வேண்டும், போனில் எடுத்த படமோ ஜெராக்ஸோ செல்லாது. ஐரோப்பாவில் வேலையோ படிப்போ என்று இருப்பவர்கள் பாஸ்போர்ட்டோடு வதிவிட அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் ஒருவர் கைப்பையில் சேர்த்து, கிளம்பும்போதே முன் இருக்கையில் வைத்துக்கொண்டால் அந்த இடத்தில் பெட்டியைத் திறந்து தேட வேண்டியிருக்காது.

இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் ஷெங்கன் விசா வேண்டும். பிரிட்டிஷ் அல்லது கனடியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குச் சுற்றுலாவுக்கு விசா வேண்டாம், ஆனால் கடவுச்சீட்டு வேண்டும்.

எந்தக் கிழமை?

இந்தப் பயணத்தில் நிறையப் பேர் கோட்டைவிடும் இடம் இதுதான். டிரெஸ்டனின் பெரிய அருங்காட்சியகங்கள் எல்லாம் ஒரே நாளில் விடுமுறை விடுவதில்லை. ஸ்விங்கர் மாளிகையில் இருக்கும் ஓவியக்கூடத்துக்கும் பீங்கான் கூடத்துக்கும் திங்கள் விடுமுறை. அரண்மனையில் இருக்கும் 'பச்சை நிலவறை' பொக்கிஷக்கூடத்துக்குச் செவ்வாய் விடுமுறை. ஓவியம் முக்கியம் என்றால் திங்களை விடுங்கள், நகை முக்கியம் என்றால் செவ்வாயை விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் கடைகள் மூடியிருக்கும். கடைத்தெருவில் எதுவும் வாங்க முடியாது. தேவாலயத்திலும் வழிபாட்டு நேரங்களில் சுற்றிப்பார்க்க விடமாட்டார்கள். வெள்ளிக்கிழமை மாலை திரும்பும் சாலையில் நெரிசல் அதிகம். இதையெல்லாம் கழித்தால் மிஞ்சுவது புதனும் வியாழனும். இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 13ஆம் தேதியைத் தவிர்ப்பது நல்லது. 1945இல் அன்றிரவு தொடங்கிய குண்டுவீச்சில்தான் இந்த நகரத்தின் நடுப்பகுதி அழிந்தது. இறந்தவர்கள் அதிகபட்சம் 25,000 பேர் என்று நகராட்சி அமைத்த வரலாற்றாய்வாளர் குழு 2010இல் முடிவு சொன்னது. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் மக்கள் கைகோத்து மனிதச் சங்கிலியாக நிற்பார்கள். ஊர்வலங்களும் எதிர் ஊர்வலங்களும் நடக்கும், தெருக்களை மூடுவார்கள், போலீஸ் நிறைந்திருக்கும்.

டிசம்பரில் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு: நாலு மணிக்கே இருட்டிவிடும். அதற்கு ஈடாக ஸ்ட்ரீட்சல்மார்க்ட் என்கிற கிறிஸ்துமஸ் சந்தை இருக்கிறது. 1434 முதல் நடந்துவரும் சந்தை, ஜெர்மனியின் மிகப் பழைய கிறிஸ்துமஸ் சந்தைகளில் ஒன்று. குளிர்காலம் என்றால் வெளியே சுற்றுவதைக் காலையிலும் அருங்காட்சியகத்தை மதியத்திலும் வைத்து, விளக்கு போட்டபின் சந்தைக்குப் போங்கள்.

வண்டி பேசும்போது கேட்க வேண்டியவை

முதல் கேள்வி: வருபவர் டிரைவர் மட்டுமா, கைடும்கூடவா? பல இடங்களில் 'தனிப் பயணம்' என்பது டிரைவர் மட்டும்தான். வழியில் நாலு வார்த்தை சொல்வார், ஊரில் இறக்கிவிடுவார், நீங்களே சுற்றிவிட்டு வரவேண்டும். டிரெஸ்டனில் உள்ளூர்க் கைடு ஒருவரை இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் தனியாக ஏற்பாடு செய்துகொள்வது நல்ல வழி. நாள் முழுக்கக் கைடு தேவையில்லை. பாதி நேரத்துக்கு அவர் பேச்சைக் கேட்பதா, பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்குவதா என்று ஆகிவிடும்.

அடுத்து, எத்தனை மணி நேரத்துக்கு வாடகை, அதற்கு மேல் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு, பார்க்கிங் யார் கொடுப்பது, அருங்காட்சியக டிக்கெட் சேர்த்தியா, ரத்து செய்தால் பணம் திரும்புமா என்பதையெல்லாம் மின்னஞ்சலிலோ வாட்ஸப்பிலோ எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சு உதவாது. விலையைக் கொருனாவில் சொல்கிறார்களா, யூரோவிலா என்பதையும் பாருங்கள்.

குழந்தை இருக்கை பற்றிக் கேட்க மறந்துவிடாதீர்கள். ஜெர்மனியில் 12 வயதுக்குக் கீழே, 150 செ.மீ.க்குக் குறைந்த உயரமுள்ள பிள்ளைகளுக்கு அதற்கான இருக்கை இல்லாமல் வண்டி ஓட்டுவது சட்ட விரோதம். மடியில் வைத்துக்கொள்கிறோம் என்ற பேச்சே எடுபடாது. பிள்ளையின் வயது, உயரம், எடை மூன்றையும் முன்கூட்டியே எழுதி அனுப்பிவிட்டால், காலையில் ஹோட்டல் வாசலில் நின்று வாதாட வேண்டியிருக்காது.

ஒரு அருங்காட்சியகம் மட்டும்

ஒரு நாள் பயணத்தில் ஒரு அருங்காட்சியகத்தைத்தான் நிம்மதியாகப் பார்க்க முடியும். எதை என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

ஓவியத்தில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு ஸ்விங்கரில் இருக்கும் பழம்பெரும் ஓவியர் கூடம். ரஃபேலின் சிஸ்டைன் மடோனா இங்கேதான் இருக்கிறது. 1754இல் இத்தாலியின் பியாசென்சாவிலிருந்து வாங்கி வந்தார்கள். படத்தின் அடியில் கன்னத்தில் கைவைத்து அண்ணாந்து பார்க்கும் இரண்டு குட்டித் தேவதைகளை நீங்கள் ஏற்கெனவே எங்காவது வாழ்த்து அட்டையிலோ டீ கோப்பையிலோ பார்த்திருப்பீர்கள். வெர்மீரின் 'திறந்த ஜன்னலருகே கடிதம் படிக்கும் பெண்' ஓவியமும் இங்கே உண்டு. அந்தப் பெண்ணுக்குப் பின்னால் வெறும் சுவராகத் தெரிந்த இடத்தில் யாரோ பூசி மறைத்திருந்த மன்மதன் படத்தைச் சுரண்டி வெளிக்கொணர்ந்து, 2021இல் மறுபடி காட்சிக்கு வைத்தார்கள்.

ஆனால் நம் ஊர்க்காரர்கள் யாராவது என்னிடம் கேட்டால், அரண்மனையில் இருக்கும் பச்சை நிலவறையைத்தான் சொல்வேன். அதுவும், நிறையப் பேர் அலட்சியமாக விட்டுவிடும் மாடிப் பகுதியை. விஷயம் என்னவென்றால், பச்சை நிலவறை இரண்டு பகுதி. கீழ்த்தளத்தில் இருப்பது வரலாற்றுப் பகுதி: கண்ணாடியும் தங்கப்பூச்சுமாக அந்தக் கால அறைகளையே மறுபடி உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். அதற்குக் குறிப்பிட்ட நேரத்துக்கான டிக்கெட் வேண்டும், உள்ளே படம் எடுக்கக் கூடாது. 2019 நவம்பரில் திருடர்கள் புகுந்து வைர நகைகளைக் கொள்ளையடித்தது இந்தப் பகுதியில்தான். பெரும்பாலானவை 2022 டிசம்பரில் மீண்டும் கிடைத்தன. மேல்தளத்தில் இருப்பது புதிய பகுதி. அங்கே பொருட்கள் தனித்தனிக் கண்ணாடிப் பெட்டிகளில், கிட்டத்தில் நின்று பார்க்கும்படி இருக்கும்.

அந்தப் புதிய பகுதியில் 'டெல்லி அரசவை' என்ற ஒன்று இருக்கிறது. ஔரங்கசீப்பின் பிறந்தநாள் தர்பாரைப் பொற்கொல்லர் யோஹான் மெல்கியோர் டிங்க்லிங்கர் தன் தம்பிகளோடு சேர்ந்து 1701 முதல் 1708 வரை செய்த வேலை. ஒன்றரை மீட்டர்கூட அகலமில்லாத வெள்ளி மேடை. அதன்மேல் தங்கத்தில் செய்து எனாமல் பூசிய நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள், ஒவ்வொன்றும் விரல் உயரம். உச்சியில் சிம்மாசனத்தில் குட்டிப் பாதுஷா. கீழே பிரபுக்கள் பரிசுகளோடு வரிசையில் வருகிறார்கள். யானை, குதிரை எல்லாம் உண்டு. சுமார் 5,000 வைரங்கள் பதித்திருக்கிறார்கள். டிங்க்லிங்கர் இந்தியாவைக் கண்ணால் பார்த்தவரில்லை. பயணிகள் எழுதிய நூல்களைப் படித்துக் கற்பனை செய்தார். அதனால்தான் உற்றுப் பார்த்தால் டெல்லியில் சீனச் சாயலும் எகிப்துச் சாயலும் தெரியும். இவர் வேலையைத் தொடங்குவதற்கு மூன்று ஆண்டுகள் முன்னால், 1698இல்தான் ஔரங்கசீப்பின் படை நம் செஞ்சிக் கோட்டையைப் பல வருட முற்றுகைக்குப் பின் பிடித்தது. இங்கே வேலை முடிவதற்குள், 1707இல், பாதுஷா இறந்தே போனார். இந்தப் பெட்டியைச் சுற்றிப் பிள்ளைகளை நாலு பக்கமும் நடக்கவிடுங்கள். யானை எத்தனை என்று எண்ணச் சொன்னால் கால் மணி நேரம் போவதே தெரியாது.

அதே தளத்தில் டிரெஸ்டன் பச்சை வைரமும் இருக்கிறது: 41 காரட், இயற்கையான பச்சை நிறம். கோல்கொண்டா பகுதியின் கொல்லூர்ச் சுரங்கத்திலிருந்து வந்தது என்று கருதுகிறார்கள். 2019 திருட்டின்போது இது நியூயார்க்கில் ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தது.

கீழ்த்தளத்துக்கு நேர டிக்கெட் எடுப்பதானால் 11 மணிக்கு முன்னால் எடுக்காதீர்கள். எல்லைச் சோதனையில் அரை மணி நேரம் போய்விட்டால் 10 மணி டிக்கெட் வீண்தான். 11:30 நிம்மதியான நேரம்.

சாலையில்

காலை ஏழரைக்கு ஹோட்டலை விட்டுக் கிளம்புங்கள். எட்டரை என்று வைத்தால் பிராக்கின் காலை நெரிசலில் மாட்டுவீர்கள். வண்டி டி8 நெடுஞ்சாலையில் வடக்கே போகும். அரை மணி, முக்கால் மணி நேரத்தில் இரண்டு பக்கமும் கூம்பு கூம்பாக மலைகள் முளைக்கும். எல்லாம் பழைய எரிமலைகள். இந்தச் சாலையின் கடைசித் துண்டு இந்த மலைகளுக்குள்தான், நிலச்சரிவால் தாமதமாகி, 2016 டிசம்பரில் திறந்தது. அப்புறம் எல்லை, அதற்கப்பால் ஜெர்மனியின் ஏ17.

டிக்கியில் ஒரு மெல்லிய மேலங்கி போட்டுவையுங்கள், மே மாதமாக இருந்தாலும். போனில் போட்டிருக்கும் இணையத் திட்டம் செக் நாட்டுக்கு மட்டுமா, ஐரோப்பா முழுவதற்குமா என்று முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். யூரோ சில்லறை கொஞ்சம் வேண்டும், ஏனென்றால் நெடுஞ்சாலை ஓய்விடங்களிலும் ஊரிலும் கழிப்பறைக்குக் காசு. 50 சென்ட், ஒரு யூரோ நாணயங்கள் ஏழெட்டு இருந்தால் குடும்பத்துக்குப் போதும். செக் கொருனாவை எல்லைக்கு அப்பால் வாங்கமாட்டார்கள்.

ஊருக்குள் நடை

பழைய நகரம் கையடக்கமானது. பார்க்க வேண்டிய எல்லாம் பத்துப் பதினைந்து நிமிட நடைக்குள் இருக்கின்றன. நாய்மார்க்ட் சதுக்கத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிடச் சொல்லுங்கள். டிரைவர் வண்டியை நிலத்தடி பார்க்கிங்கில் விட்டுக்கொள்வார். திரும்ப ஏறும் இடத்தையும் நேரத்தையும் அங்கேயே பேசி, அந்த இடத்தைப் போனில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

சதுக்கத்தில் ஃப்ரௌவன்கிர்ஷ தேவாலயம். கெயார்க் பேர் என்ற கட்டடக் கலைஞர் கட்டியது, 1726இல் தொடங்கி 1743இல் முடிந்தது. குண்டுவீச்சில் உடனே விழவில்லை. உள்ளே தீ பிடித்து, கல் சூடாகி, 1945 பிப்ரவரி 15 காலையில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. கிழக்கு ஜெர்மனிக் காலம் முழுக்க அது ஒரு கற்குவியலாகத்தான் கிடந்தது. 1994இல் மறுபடி கட்டத் தொடங்கி 2005 அக்டோபர் 30இல் திறந்தார்கள். வெளிச்சுவரில் வெளிர் கற்களுக்கு நடுவே அங்கங்கே கறுப்புக் கற்கள் தெரிகிறதல்லவா, அவையெல்லாம் இடிபாடுகளிலிருந்து எடுத்து மறுபடி வைத்தவை. தீயில் கருகியதால்தான் கறுப்பு என்று கைடு இல்லாமல் வருபவர்கள் நினைத்துக்கொள்வார்கள். எல்பே மணற்கல் காற்றுப்பட்டாலே ஆண்டாண்டுகளில் கறுத்துவிடும். புதுக் கற்களும் ஒருநாள் அந்த நிறத்துக்கு வந்துவிடும். கூரையின் உச்சியிலிருக்கும் பொன் சிலுவை பிரிட்டனிலிருந்து வந்த அன்பளிப்பு. அதைச் செய்த லண்டன் பொற்கொல்லரின் தந்தை, டிரெஸ்டன்மேல் குண்டு வீசப் பறந்த விமானிகளில் ஒருவர். கீழே விழுந்து வளைந்த பழைய சிலுவையைத் தேவாலயத்துக்குள் வைத்திருக்கிறார்கள், பார்த்துவிட்டு வாருங்கள். உள்ளே போகக் கட்டணம் இல்லை. 67 மீட்டர் உயரத்துப் பார்வைமேடைக்கு ஏறக் கட்டணம் உண்டு. லிப்ட் பாதி வழிதான், மீதி நடை. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே உட்காரலாம்.

அங்கிருந்து ஆற்றை நோக்கி ஒரு சந்து தள்ளினால் 'இளவரசர் ஊர்வலம்' சுவர். நூறு மீட்டருக்கு மேல் நீளம், சுமார் 23,000 மைசன் பீங்கான் ஓடுகள், சாக்சனியை ஆண்ட வெட்டின் வம்சத்தின் 35 பேர் குதிரைமேல். முதலில் சுவரில் கீறி வரைந்த ஓவியமாக இருந்தது. மழையிலும் வெயிலிலும் மங்கிப்போகவே, 1904 முதல் 1907 வரை பீங்கானில் மாற்றினார்கள். சுற்றியிருந்ததெல்லாம் எரிந்த அந்த இரவில் இந்தச் சுவர் பெரிய சேதமில்லாமல் தப்பியது. பீங்கான் ஏற்கெனவே சூளையின் சூட்டைத் தாங்கி வந்ததுதானே! ஊர்வலத்தின் கடைசியில் நடந்து வருபவர்களில், படத்தை முதலில் வரைந்த வில்ஹெல்ம் வால்தர் தன்னையும் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

சுவர் முடியும் இடத்தில் இடப்பக்கம் அரண்மனை, எதிரே கத்தோலிக்கத் தேவாலயம், அதைத் தாண்டி செம்பர் ஓபரா. அந்தத் தேவாலயத்தில், சாக்சனியை ஆண்ட பலவான் அகஸ்டஸின் இதயம் மட்டும் இருக்கிறது. உடல் போலந்தின் கிராக்கோவில். போலந்தின் அரசராவதற்காக மதம் மாறியவர் அவர், ஆட்சி இரண்டு நாட்டில், அடக்கமும் அப்படியே. ஓபரா கட்டடம் 1869இல் ஒருமுறை எரிந்தது, 1945இல் மறுபடி அழிந்தது. 1985 பிப்ரவரி 13ஆம் தேதி, குண்டுவீச்சின் நாற்பதாம் ஆண்டு நிறைவன்று, திறந்தார்கள்.

ஸ்விங்கரின் முற்றத்துக்குள் போகக் காசு கேட்கமாட்டார்கள். கிரீடம் வைத்த வாசல், அடுக்கடுக்கான சிலைகள், மைசன் பீங்கான் மணிகள் ஒலிக்கும் மண்டபம். பீங்கான் கூடத்தில் ஒரு கதை இருக்கிறது: 1717இல் பலவான் அகஸ்டஸ், பிரஷ்ய அரசருக்கு 600 குதிரைப்படை வீரர்களைக் கொடுத்து 151 சீனப் பீங்கான்களை வாங்கிக்கொண்டார். அத்தனை பித்து. அந்தப் பித்துதான், அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, அவர் பிடித்து அடைத்துவைத்திருந்த ரசவாதி பெட்கர் வழியாக, ஐரோப்பாவின் முதல் கெட்டிப் பீங்கானைத் தந்திருந்தது.

நேரம் இருந்தால் அகஸ்டஸ் பாலத்தைக் கடந்து, அக்கரையில் இறங்கி இடப்பக்கம் கொஞ்ச தூரம் நடங்கள். கனலெட்டோ என்று அழைக்கப்பட்ட பெலோட்டோ 1748இல் வரைந்த காட்சி அங்கிருந்துதான். குடும்பப் படம் எடுக்க அதைவிட நல்ல இடம் இந்த ஊரில் இல்லை. மாலை வெயிலில் எடுங்கள். கரோலா பாலம் என்று பழைய வழிகாட்டி நூல்களில் இருப்பதைத் தேடாதீர்கள். 2024 செப்டம்பரில் அதன் ஒரு பகுதி இடிந்து ஆற்றில் விழுந்தது, அப்புறம் மிச்சத்தையும் இடித்துவிட்டார்கள்.

சாப்பாடு

தேவாலயத்தைச் சுற்றியுள்ள உணவகங்களில் விலை கூடுதல். இரண்டு தெரு தள்ளினால் குறையும். சைவர்கள் கவனிக்க: உருளைக்கிழங்கு வறுவல் என்று கொண்டுவருவதில் பன்றி இறைச்சித் துண்டுகள் கிடக்கும், உருளைக்கிழங்கு சூப்பிலும் அப்படியே. 'ஓனெ ஃப்ளைஷ், ஓனெ ஷ்பெக்' என்று சொன்னால் இறைச்சியும் வேண்டாம், பன்றிக்கொழுப்பும் வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள். தயிர்ப் பாலாடையும் உருளைக்கிழங்கும் பிசைந்து சுடும் குவார்க்கொய்ல்ஷன் பணியாரம் முட்டை சாப்பிடும் சைவர்களுக்கு ஏற்றது, ஆப்பிள் கூழோடு வரும். காபிக்கு ஐயர்ஷெக்க என்கிற மூன்றடுக்கு கேக். இந்த ஊர்ப் பண்டம், முட்டை நிறைய உண்டு. டிசம்பரில் ஸ்டோலன் வாங்கினால் வாரக்கணக்கில் கெடாது, ஆனால் உலர்திராட்சையை ரம்மில் ஊறவைப்பது வழக்கம் என்பதால் வேண்டாதவர்கள் கேட்டு வாங்குங்கள். சும்மா தண்ணீர் தாருங்கள் என்றால் பாட்டில்தான் வரும், அதற்கும் காசு. கடையில் வாங்கும் தண்ணீர் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் பிடிப்பார்கள், காலி பாட்டிலை இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும்.

வழியில் ஒன்று சேர்க்கலாம்

ஒன்றே ஒன்று. பாஸ்டாய் என்றால் என் ஓட்டும் அதற்குத்தான். எல்பே ஆற்றிலிருந்து 194 மீட்டர் உயரத்தில், பாறைத் தூண்களுக்கு இடையே 1851இல் கட்டிய கல்பாலம். நீங்கள் டிரெஸ்டனில் பார்க்கும் மாளிகைகளின் கல்லெல்லாம் இந்தப் பக்கத்து மலைகளில் வெட்டி, ஆற்றில் படகேற்றிக் கொண்டுபோனது. பிர்னா அருகே நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் அரை மணி நேரம். காலையில் போகும்போதே பார்த்துவிடுங்கள், பதினோரு மணிக்கு மேல் பஸ்கள் வந்துவிடும். ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். அப்படியானால் அருங்காட்சியக டிக்கெட்டை மதியம் இரண்டு மணிக்குத் தள்ளிவிட வேண்டும்.

மைசன், டிரெஸ்டனிலிருந்து எதிர்த்திசையில் 25 கிலோமீட்டர். பீங்கானில் ஆசை உள்ளவர்கள் பாஸ்டாயை விட்டுவிட்டு அங்கே போகலாம். டெரெசீன் நெடுஞ்சாலைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் டிரைவர்கள் 'அரை மணி நேரம் நிறுத்தட்டுமா' என்று கேட்பார்கள். வேண்டாம் என்றே சொல்வேன். இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் அடைத்துவைத்த சுமார் 33,000 யூதர்கள் பசியிலும் நோயிலும் இறந்த இடம் அது. பிராக்கிலிருந்து ஒரு மணி நேரம்தான், இன்னொரு நாள் அதற்கென்றே போங்கள்.

திரும்பும்போது

மாலை ஐந்தரைக்கு வண்டியில் ஏறினால் ஏழரை, எட்டுக்குப் பிராக். கோடையில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும், ஆசைப்பட்டால் ஏழு வரை இருக்கலாம். ஆனால் கூடுதல் மணி நேரத்துக்கு எவ்வளவு என்று எழுதி வாங்கியதை அப்போது ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஹோட்டல் பழைய நகரத்துக்குள் இருந்தால் டிரைவர் வாசல்வரை வர முடியாமல் போகலாம். காலையில் ஏறிய இடத்திலேயே இறக்கிவிடச் சொல்லுங்கள். டிப்ஸ் கட்டாயமில்லை, நல்லபடியாக ஓட்டியிருந்தால் வாடகையில் பத்து சதவீதம்வரை கொடுப்பது வழக்கம். மிச்சமிருக்கும் யூரோவிலேயே கொடுத்துவிடலாம், வாங்கிக்கொள்வார்.